இருபது கயிறு சுவர், நாற்பத்தெட்டு விதை

போன வருஷம் இலை உதிரும் காலத்தில் நான் இறக்கிய அடிபம்பில் நல்ல தண்ணீர் வந்தது. சண்டை அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

எங்கள் ஊர் கும்யாப்பில் எங்கே குழாய் இறக்கினாலும் உப்புத் தண்ணீர்தான். அதில் டீ போட்டுக் கொடுத்தால் விருந்தாளி இரண்டாவது கோப்பை கேட்க மாட்டான். என் முலாம்பழக் கொல்லையின் பின்பக்கம், வாய்க்காலிலிருந்து ஐந்து கயிறு தள்ளி (எங்கள் ஊரில் நிலத்தைக் கயிறு போட்டுத்தான் அளப்போம்), அடியில் எப்படியோ ஒரு நல்ல ஊற்று ஓடுகிறது. முதல் குவளையை நான் வாயில் வைக்கும்போதே பின்வீட்டு பெக்துர்தி புதருக்கு நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"மத்நியாஸ் அண்ணே, தண்ணி எப்படி?"

"தண்ணி மாதிரி இருக்கு."

"நல்லாத்தான் இருக்கும். என் நிலத்துத் தண்ணியாச்சே."

கொல்லைக்கு ஒரு பக்கம் வாய்க்கால். மற்ற மூன்று பக்கமும் நேர் மூலையாக மண்சுவர். நான் கட்டியது. எங்கள் மண்ணில் உப்பு சுவரை அடியிலிருந்து தின்னும். என் சுவர் கரைந்து போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. வாய்க்காலை ஒட்டி, முசுக்கட்டை மரத்தடியில் ஒரு மூலை மட்டும் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. பின்பக்கம் வெறும் உப்புக்காடு. அங்கே சுவர் எதுவரை போயிற்று என்று யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? வாய்க்காலிலிருந்து பின்சுவர் வரை ஆறு கயிறு என்றேன் நான். நாலு கயிறு என்றான் பெக்துர்தி. ஆறு என்றால் பம்பு என்னுடையது. நாலு என்றால் அவனுடையது. அவ்வளவுதான் வழக்கு.

கட்டினவன் நான். ஆறு என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தது யாருக்கு வேண்டும்? எல்லாருக்கும் காகிதம்தான் வேண்டும்.

காகிதமும் கிடைத்தது. நீர்கட்டி சபர்பாய் பழைய கூட்டுப்பண்ணை அலுவலக அலமாரியைக் குடைந்து எடுத்துவந்தான். வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று சொல்பவன் அவன்தான். ஊர் வழக்கும் அவனிடம்தான் வரும். வாய்க்கால் கரையில் கம்பளம் விரித்து, கெண்டியில் பச்சைத் தேநீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவன் படித்தான்: ஒரு பக்கம் வாய்க்கால். மூன்று பக்கச் சுவரும் சேர்ந்து இருபது கயிறு. நிலம் நாற்பத்தெட்டு சதுரக் கயிறு. கையெழுத்து. முத்திரை.

"ஆழம் எவ்வளவுன்னு போடலையா?" என்றேன்.

"போடலை அண்ணே. அந்தக் காலத்துக் குமாஸ்தாவுக்கு இதுவே பெரிசு."

"அப்ப அந்தக் காகிதத்துல ரொட்டியைச் சுத்தி வை."

"அட, இரு அண்ணே. இது போதுமாம். கணக்குப் போட்டா வந்துடுமாம். நம்ம டீச்சர் இருக்காளே."

டீச்சர் என்றால் இந்திஸார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். அவள் யார் வீட்டு மருமகள்? பெக்துர்தி வீட்டு மருமகள். எதிராளி வீட்டுக் கையில் தராசைக் கொடுத்துவிட்டு எடை சரியாக இருக்கும் என்று நம்ப நான் என்ன பச்சைக் குழந்தையா? ஆனால் ஊரில் வேறு யாருக்கும் கணக்கு வராது.

எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் முன்னால் குரல் எழுப்பிப் பேச மாட்டாள். மாமியார் காதில் சொல்வாள், மாமியார் சபைக்குச் சொல்வாள். இந்திஸார் ஒரு துண்டுத்தாளில் ஏதோ எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். மாமியார் சபீலாவின் காதில் கிசுகிசுத்தாள். சபீலாவின் குரல் எங்கள் வாய்க்காலின் கடைசி மதகு வரை கேட்கும்.

"நாலு! என் மருமக சொல்றா, நாலு கயிறு!"

பெக்துர்தி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டான். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், இல்லையாண்ணே?"

"உங்க வீட்டுல சமைச்ச சோறு உங்களுக்கு ருசிக்காம எனக்கா ருசிக்கும்?" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சபர்பாய் மட்டும், "அவசரம் வேண்டாம். வெள்ளிக்கிழமை முடிவு சொல்றேன்" என்றான்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எண்ணத் தெரியும். வீட்டுக்கு வந்ததும், விதைக்க வைத்திருந்த முலாம் விதைப் பையைக் கம்பளத்தில் கொட்டினேன். ஒரு விதை ஒரு சதுரக் கயிறு. நாற்பத்தெட்டை எண்ணி எடுத்தேன். நாலு தப்பு என்று காட்டி, வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே விதையை வீச வேண்டும் என்பதுதான் எண்ணம்.

நாலு வரிசை போட்டேன். வரிசைக்குப் பன்னிரண்டு வந்தது. பின்சுவர் பன்னிரண்டு, பக்கச் சுவர் நாலு, இன்னொரு பக்கம் நாலு. இருபது. சரியாக இருந்தது.

நான் கட்டின சுவர் எப்படி நாலாகும்? எல்லாவற்றையும் கலைத்து ஆறு வரிசை போட்டேன். வரிசைக்கு எட்டு. எட்டும் ஆறும் ஆறும் இருபது. இதுவும் சரி.

ஒரு கேள்வி கேட்டால் ஒரு பதில் வர வேண்டும். இரண்டு பதில் சொல்பவனைப் பொய்யன் என்போம். இங்கே யார் பொய்யன்? விதையா? இரண்டு இருந்தால் மூன்றாவது ஏன் இருக்கக் கூடாது? ஏழாவது? மூன்று வரிசை போட்டுப் பார்த்தேன். இருபது கயிறு சுவரில் பக்கத்துக்கு மூன்று போனால் பின்சுவருக்குப் பதினாலு. நாற்பத்திரண்டு விதைதான் கொண்டது, ஆறு விதை வெளியே கிடந்தது. ஐந்து வரிசை போட்டேன். பின்சுவர் பத்து. ஐம்பது விதை கேட்டது. பையிலிருந்து இரண்டு எடுக்க வேண்டியிருந்தது. ஏழு வரிசையில் மறுபடி நாற்பத்திரண்டு. வீசியெறிய எடுத்த விதையைக் கோழி கொத்தாமல் பார்த்துக்கொண்டு அரை நாள் போயிற்று.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அறுபத்தைந்து வருஷம் கழித்து அந்தப் படி ஏறினேன். பிள்ளைகள் போயிருந்தார்கள். இந்திஸார் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா, உங்க மாமனாருக்கு ஏத்த மாதிரி கணக்கு போடத்தான் உர்கெஞ்சுக்குப் போய்ப் படிச்சீங்களா?"

அவள் திரும்பினாள். கரையில் கிசுகிசுத்த பெண்தானா என்று சந்தேகம் வந்தது. அப்படி ஒரு குரல். "என்ன பெரிய மாமா, வந்ததும் வராததுமா? நான் என்ன தப்பா போட்டேன்?"

"நாலுன்னு சொன்னியே. ஆறும் வருதே!" பையை மேசையில் கவிழ்த்தேன்.

அவள் விதைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "நான் 'நாலு, இல்லன்னா ஆறு'ன்னுதான் அத்தை காதுல சொன்னேன். அத்தை நாலைக் கத்திட்டு ஆறை முழுங்கிட்டாங்க."

நான் யோசித்தேன். சபீலாவை நாற்பது வருஷமாகத் தெரியும். முழுங்கக் கூடியவள்தான்.

"அப்ப ஏன் எழுந்து சொல்லலை?"

"மாமனார் முன்னாடியா? அதுக்கப்புறம் அந்த வீட்டுல நான் ரொட்டி சுடணுமே பெரிய மாமா."

சுவரில் ஒரு தாடிக்காரர் படம் மாட்டியிருந்தது. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மாதிரிக் கணக்குக்கெல்லாம் வழி எழுதி வைத்தவர், நம் பக்கத்துக்காரர் என்றாள். தாடி நன்றாக இருந்தது. நேரில் பார்த்து வரைந்ததா என்று கேட்டேன். இல்லை, யாரும் பார்த்ததில்லை என்றாள். சரி, அதை விடு என்றேன். வழியை மட்டும் சொல் என்றேன்.

"நீங்களே பாதி கண்டுபிடிச்சிட்டீங்க. அஞ்சு வரிசைக்கு எத்தனை?"

"அம்பது."

"அதுதான் உச்சம். இருபது கயிறு சுவரை நேர் மூலையா எப்படிக் கட்டினாலும் அம்பதுக்கு மேல பிடிக்காது. இப்ப அஞ்சுலேர்ந்து ஒண்ணு நகருங்க. மேலயோ கீழயோ, உங்க இஷ்டம்."

"நாலும் ஆறும். நாப்பத்தெட்டு."

"ரெண்டு குறைஞ்சுது. இன்னொண்ணு நகருங்க."

"மூணும் ஏழும். நாப்பத்திரண்டு. எட்டு குறையுது." இரண்டும் எட்டும் போட்டேன். முப்பத்திரண்டு. பதினெட்டு குறைந்தது.

"ஒண்ணு நகர்ந்தா ஒரு ஒண்ணு ஒண்ணு, அதுல ரெண்டு மடங்கு. ரெண்டு நகர்ந்தா ரெண்டு ரெண்டு நாலு, அதுல ரெண்டு மடங்கு எட்டு. மூணு நகர்ந்தா மும்மூணு ஒம்போது..."

"ரெண்டு மடங்கு பதினெட்டு." என் கை தானாக விதைகளை நகர்த்தியது. "அரை கயிறு நகர்ந்தா?"

"அரை விதை குறையும். போட்டுப் பாருங்க."

நாலரைக்குப் பதினொன்று. விதையைப் பல்லால் கடித்து இரண்டாக்கி வைத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்பதரை. அவள் சொன்னபடியே.

இப்போது எனக்கே தெரிந்தது. நகர நகரக் குறைந்துகொண்டே போகிறது, திரும்ப ஏறுவதில்லை. நாற்பத்தெட்டு வேண்டும் என்றால் இரண்டு குறைய வேண்டும். இரண்டு குறைய ஒரு கயிறு நகர வேண்டும். நகர இரண்டு திசைதான் இருக்கிறது. மூன்றாவது திசை இல்லை. அதனால் மூன்றாவது பதில் இல்லை. யாரும் சத்தியம் செய்யாமல் ஒரு விஷயத்தை நான் நம்பினது அன்றைக்குத்தான்.

"அம்பதே வேணும்னா?" என்றேன்.

"நகர வேண்டாம். ஒரே விடை."

"அம்பத்தொண்ணு?"

"விடையே கிடையாது."

"சரி பொண்ணே. ரெண்டுல எது நம்முதுன்னு கணக்கு சொல்லுமா?"

"சொல்லாது. ஆனா வேற யாராவது சொல்லலாம்." சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் இரண்டு பெட்டி வரைந்தாள். "நாலு தனியா வராது, கூடவே பன்னிரண்டைக் கூட்டிட்டு வரும். ஆறு எட்டைக் கூட்டிட்டு வரும். அதனால பின்சுவரைத் தேட வேண்டாம். வாய்க்கால் பக்கம் உங்க நிலம் எத்தனை கயிறுன்னு தெரிஞ்சா போதும். நீங்க வருஷா வருஷம் உங்க எல்லைக்குத் தூர்வாருறீங்களே, சபர்பாய் மாமா நோட்டுல இருக்குமே!"

அவள் சந்தோஷமாகச் சொன்னாள். நான் விதைகளைப் பைக்குள் அள்ளிப் போட்டேன்.

நோட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு.

எங்கள் வழக்கம் இது: வாய்க்கால் ஓரம் எத்தனை கயிறு நிலமோ, வசந்த காலத்தில் அத்தனை கயிறு தூர்வார வேண்டும். எத்தனை கயிறு வாரினாயோ அதற்கு ஏற்ற நேரம் தண்ணீர். சுவர் கட்டின அடுத்த வருஷம், பின்னால் செத்துப்போன பழைய நீர்கட்டியிடம் இரண்டு முலாம்பழத்தைக் கொடுத்து, என் எட்டைப் பன்னிரண்டு என்று எழுத வைத்தேன். என் பக்கத்தில் கேட்பாரில்லாத மேட்டு நிலம் நாலு கயிறு இருந்தது. அங்கேயும் பேருக்கு நாலு மண்வெட்டி போடுவேன். முப்பத்துநாலு வருஷம் பன்னிரண்டுக்குத் தண்ணீர் விட்டேன். நான் அதிகமாக எடுத்தது கடைமடையில் குறைந்தது. கடைமடையில் முலாம் போட்டவன் யார்? பெக்துர்தி.

வீட்டுக்கு நடந்து வரும்போது வழியெல்லாம் ஒரு தப்பிக்கும் வழி தேடினேன். ஆறும் வேண்டும், பன்னிரண்டும் வேண்டும். ஆறும் ஆறும் பன்னிரண்டும் இருபத்துநாலு. சுவர் இருபதுதான். காகிதம் ஒத்துக்கொள்ளாது. பம்பு வேண்டுமானால் எட்டு என்று சொல்ல வேண்டும். எட்டு என்றால் நான் திருடன். நாலுக்குப் போனால் திருடனில்லை, ஆனால் பம்பு இல்லை. வேறு இல்லை. இல்லவே இல்லை என்பதை அந்தப் பெண் என் கையாலேயே போட்டுக் காட்டிவிட்டாளே.

வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி கரையில் கூடினோம். இந்த முறை நான் விதைப் பையோடு போனேன்.

"சபீலா காது ஓட்டையா இருக்கு, ஒண்ணு போனா ஒண்ணு ஒழுகிடுது," என்றேன். "அதனால டீச்சர் வாயைத் திறக்க வேண்டாம். நான் கேக்குறேன், அவ விரலைக் காட்டட்டும். வாய்க்குத்தானே தடை? விரலுக்கு யாரும் தடை போடலையே?"

"என் காது ஓட்டையா? உன் நாக்குதான்..." என்று சபீலா எழுந்தாள். சபர்பாய் கையமர்த்தினான். "விரல் காட்டலாம். அதுல மரியாதைக் குறைச்சல் ஒண்ணுமில்லை."

"சுவர் இருபது, நிலம் நாப்பத்தெட்டு. விடை எத்தனை?"

முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. இரண்டு விரல்.

கூட்டம் சலசலத்தது. பெக்துர்தி மனைவியைப் பார்த்தான். சபீலா கெண்டியின் மூடியைச் சரிசெய்தாள். நான் கம்பளத்தில் இரண்டு விதமாகவும் விதையை அடுக்கிக் காட்டினேன். எல்லாரும் குனிந்து எண்ணினார்கள். இரண்டு பேர் என்னை நம்பாமல் கலைத்துத் தாங்களே அடுக்கினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

சபர்பாய் சமாதானப் பிரியன். "நாலும் வேண்டாம், ஆறும் வேண்டாம். நடுவுல அஞ்சுன்னு வெச்சுக்கலாமே. பம்பு எல்லைக்கோட்டுல நிக்கும், ரெண்டு பேரும் அடிச்சுக்கலாம்."

"அஞ்சுன்னா அம்பது கேக்கும்," என்றேன். "ரெண்டு சதுரம் யாரு குடுப்பா?"

இந்திஸார் ஒரு விரலைக் காட்டினாள். ஐம்பதுக்கு விடை ஒன்றுதான் என்று நான் விளக்கினேன்.

"நான் ஏன் குடுக்கணும்?" என்று குதித்தான் பெக்துர்தி. "குடுக்குறதுதான் குடுக்குறோம், பக்கத்து மேட்டு நிலத்துலேர்ந்து அம்பத்திரண்டாக் குடுத்து, இவரு பம்பை விட்டுட்டு வாய்க்கால் பக்கமாவே சுவரைக் கட்டிக்கட்டும். சுவர் மட்டும் இருபது கயிறுக்கு மேல ஒரு சாண் போகக்கூடாது!"

கை மறுபடி வந்தது. மூடிய முஷ்டி. விரலே இல்லை.

"இது என்ன, மாமனாருக்குக் குத்தா?" என்றான் யாரோ. பெக்துர்தியே சிரித்துவிட்டான். கூடியிருந்தவர்கள் விதையை எப்படி எப்படியோ அடுக்கிப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு விதையும் எந்த இருபது கயிறுக்குள்ளும் உட்காரவில்லை.

அப்போது சபர்பாய் நெற்றியைத் தட்டிக்கொண்டான். அவனும் முட்டாள் இல்லை. "நாலு வரிசைன்னா வாய்க்கால் பக்கம் பன்னிரண்டு. ஆறு வரிசைன்னா எட்டு. நோட்டு என் கையிலதானே இருக்கு!" பக்கத்தைப் புரட்டினான். அவன் முகம் மாறியது. "மத்நியாஸ் அண்ணே... பன்னிரண்டுன்னு இருக்கு."

பெக்துர்தி தொப்பியைக் கழற்றினான்.

இந்திஸார் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு அதிர்ச்சி. இந்த வழியை எனக்குச் சொல்லித் தந்து, தானே என்னைக் கவிழ்த்துவிட்டதாக நினைத்தாள் போல.

நான் நேர்மையானவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குத் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். "நோட்டு பொய்," என்றேன். "எட்டுதான். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் பன்னிரண்டுன்னு எழுத வெச்சேன்."



பெக்துர்தி மெதுவாக எழுந்தான். "முப்பத்துநாலு வருஷம்," என்றான். "என் கொல்லையில காய் பழுக்காமலே வெம்பிப்போகும். என் விதை மட்டம்னு நினைச்சேன். உன்கிட்டயே வந்து விதை கேட்டேன். நீயும் குடுத்தே!"

"குடுத்தேன்."

"இப்ப மட்டும் இந்த ஆளு உண்மை பேசுறாருன்னு யாரு சொன்னா? அப்ப தண்ணிக்குப் பன்னிரண்டு. இப்ப பம்புக்கு எட்டு!"

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். "என்னை நம்ப வேண்டாம்," என்றேன். "முசுக்கட்டை மரத்து மூலையிலேர்ந்து கரையோரமா எட்டுக் கயிறு அளந்து, வண்டல் மேட்டைத் தோண்டுங்க. அங்க என் பக்கச் சுவரோட அஸ்திவாரம் இருக்கும். உப்பு ஏறாம இருக்க அடியில ரெண்டு அடுக்கு நாணல் வெச்சேன். பன்னிரண்டுலயும் தோண்டிக்கோங்க."

தூர்வாரின வண்டல் முப்பது வருஷமாகக் கரையில் ஆள் உயரம் குவிந்திருந்தது. அதைத் தோண்ட இதுவரை யாருக்கும் காரணம் இருக்கவில்லை. பெக்துர்தி முதலில் பன்னிரண்டாவது கயிற்றில்தான் மண்வெட்டியைப் போட்டான். வண்டல், அதற்குக் கீழே மணல், அதற்கும் கீழே ஈர மணல். சுவர் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு எட்டுக்கு வந்தான். நானும் இறங்கித் தோண்டினேன். ஆள் ஆழம் போனதும் மண்வெட்டி 'டங்' என்றது. கையால் மண்ணை விலக்கினான். கெட்டித்த களிமண். அதற்கு அடியில் கறுத்துப்போன நாணல், இரண்டு அடுக்கு.

அவன் ஒரு நாணலை இழுத்து முகர்ந்து பார்த்தான்.

சபர்பாய் நோட்டில் பன்னிரண்டை அடித்து எட்டு என்று எழுதினான். பம்பு எனக்கு. தண்ணீர் முறையில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அந்த வசந்தத்தில் கடைமடையைத் தனியாளாக நான் வார வேண்டும் என்றும் சொன்னான். வாரினேன். பத்தொன்பது நாள். இடுப்பு இன்னும் நிமிரவில்லை. ஊரில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எவனாவது, "அண்ணே, எட்டா பன்னிரண்டா?" என்பான். சொல்லிக்கொள்ளட்டும்.

கடைமடையை வாரிமுடித்த மறுநாள் காலை பம்படியில் நின்றுகொண்டிருந்தேன். சபீலா வந்தாள், இரண்டு காலி வாளிகளோடு. பக்கத்தில் வந்து நின்றாள். நாற்பது வருஷத்தில் முதல் முறையாக அவள் ஒன்றும் கத்தவில்லை. வாளிகளைக் கீழே வைத்துவிட்டு, என் மூக்குக்கு நேரே கையை நீட்டி இரண்டு விரலைக் காட்டினாள்.

"இன்னைக்கு ரெண்டா, தினமும் ரெண்டா?" என்றேன்.

அவள் விரலை மடக்கவில்லை.

நான் பம்பை அடித்தேன். அன்றிலிருந்து தினமும் வருகிறாள். மூன்றாவது வாளி கொண்டுவந்தால் என்ன செய்வது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.